அளக்க வேண்டியது எங்கேயோ, அங்கேயே உணரி

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் நடந்துகொண்டிருந்த நாள்களில், வெப்பநிலைக்கும் மின்தடைக்கும் உள்ள தொடர்பை நேரில் காட்டலாம் என்று மாணவர்களைப் பள்ளி வளாகத்தில் நின்ற ஒரு சிறிய காரிடம் அழைத்துச் சென்றேன். சக ஆசிரியை ஒருவரின் கார் அது. பானெட்டைத் திறந்து, எஞ்சின் கட்டையில் எண்ணெய் வடிகட்டிக்கு அருகே ஒற்றைக் கம்பியுடன் இருந்த ஒரு சிறு பாகத்தைக் காட்டி, “இதுதான் எஞ்சினின் வெப்பநிலையை அளக்கும் உணரி” என்றேன்.

பின்வரிசையில் நின்ற ஒரு மாணவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். அவனுடைய அப்பா கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். தேர்வுகளில் முப்பத்தைந்தைத் தாண்டுவதற்கே சிரமப்படுபவன்.

“சார், அது ஆயில் பிரஷர் சுவிட்ச் சார். டெம்பரேச்சர் சென்சார் தண்ணி போற பாதையிலதான் இருக்கும். அந்தப் பெரிய ஹோஸ் வந்து சேர்ற எடத்துல பாருங்க.”

பார்த்தேன். அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், அவன் சொன்ன காரணம் மனத்தில் தங்கிவிட்டது. ‘தண்ணீர் போகிற பாதையில்தான் இருக்கும்.’ எதை அளக்க வேண்டுமோ அது இருக்கும் இடத்தில்தான் உணரியும் இருக்க முடியும். நான் படத்தில் பார்த்த இடத்தை நினைவில் வைத்துத் தேடினேன். அவன் காரணத்தை வைத்துத் தேடினான். அதன் பிறகு இந்தப் பாடத்தை அவன் சொன்ன வழியிலேயே அமைத்துக்கொண்டேன். அறிவியல் ஆசிரியர்களுக்கும், மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிப்பவர்களுக்கும், சிறு மாற்றங்களுடன் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

கற்றல் விளைவுகள்

இரண்டு பாடவேளைகள் முடிவில் மாணவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யக்கூடியவர்களாக இருப்பர்.

1. காரின் எஞ்சின் அறையில் காற்று, எரிபொருள், குளிர்விக்கும் நீர், புகை ஆகியவை செல்லும் பாதைகளைச் சுட்டிக்காட்டுதல்.
2. ஓர் உணரி எங்கே இருக்கும் என்பதைக் காரணத்துடன் ஊகித்து, பிறகு நேரில் சரிபார்த்தல்.
3. ஒவ்வோர் உணரியும் எந்த அறிவியல் தத்துவத்தால் இயங்குகிறது என்பதைப் பாடநூலோடு இணைத்துச் சொல்லுதல்.

முதலில் பாதுகாப்பு

காரைத் தொடுவதற்கு முன் இதைப் பேசி முடித்துவிட வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் வந்து நின்ற காரைப் பிற்பகலில் பார்ப்பது நல்லது. கார் சமதளத்தில், கைப்பிரேக் போட்ட நிலையில் இருக்கட்டும். சாவி ஆசிரியரின் சட்டைப்பைக்குப் போய்விட வேண்டும். ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. சூடான நிலையில் உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும். நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மின்விசிறி சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலும். அதனருகே விரல் போகக் கூடாது. துப்பட்டா, ரிப்பன், கைக்கயிறு ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. ஆரஞ்சு நிறத் தடித்த கம்பிகள் மின்சார, கலப்பின வாகனங்களில் உயர் மின்னழுத்தம் செல்பவை. இரண்டையும் தொடவே கூடாது. இந்தப் பாடத்தில் எதையும் கழற்றப் போவதில்லை; பார்ப்பது, சுட்டுவது, வரைவது மட்டுமே.

திசையைச் சரிசெய்வோம்

‘இடது பக்கம் இருக்கிறது’ என்று ஒரு மாணவி சொன்னால், யாருடைய இடது? காருக்கு முன்னால் நின்று பார்ப்பவரின் இடது, ஓட்டுநரின் வலது. வாகனத் தொழிலில் இடம் வலம் என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்நோக்கி அமர்ந்திருப்பவரின் இடம் வலமே. இதை முதலில் தெளிவாக்காவிட்டால் மாணவர்கள் வரையும் படங்கள் பாதிக்குப் பாதி தலைகீழாக வரும்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்புறத்தில் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் பெல்ட்டும் புல்லிகளும் தெரியும். மறுமுனையில் கியர்பெட்டி இருக்கும். எஞ்சினின் ஒரு பக்கத்தில் காற்று நுழையும், மறுபக்கத்தில் புகை வெளியேறும். காற்று வடிகட்டிப் பெட்டியிலிருந்து வரும் குழாய் சேரும் பக்கம் உள்ளிழுக்கும் பக்கம். துளைகளிட்ட உலோகத் தகடு போர்த்தப்பட்டு, துருநிறம் கண்டிருக்கும் பக்கம் புகை வெளியேறும் பக்கம். இது சில கார்களில் ரேடியேட்டரைப் பார்த்திருக்கும். சிலவற்றில் ஓட்டுநர் பக்கச் சுவரைப் பார்த்திருக்கும். இந்த நான்கு எல்லைகளும் தெரிந்துவிட்டால் வரைபடத்துக்கு வடக்கு தெற்கு கிடைத்த மாதிரி.

பாதை ஒன்று: காற்று

கறுப்பு நிற வடிகட்டிப் பெட்டியிலிருந்து விரலால் காற்றின் வழியைத் தொடரச் செய்யுங்கள். பெட்டிக்குப் பின் ஒரு ரப்பர் குழாய். அதன் முடிவில் திராட்டில் பாடி எனப்படும் கதவு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது இந்தக் கதவுதான். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும் உணரி வேறெங்கே இருக்க முடியும்? அந்தக் கதவின் அச்சிலேயே இருக்கும். ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் மாறுதடையின் தத்துவமே இதிலும் பல கார்களில் உள்ளது. கதவு மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவிலும், முழுதும் திறக்கும்போது நாலரை வோல்ட் அளவிலும் சைகை வரும்.

கதவைத் தாண்டியதும் காற்று ஒரு பெட்டி போன்ற பகுதிக்குச் சென்று ஒவ்வோர் உருளைக்கும் பிரிகிறது. இங்குள்ள அழுத்தத்தை அளக்கும் உணரி இந்தப் பகுதியின் மேலேயே திருகப்பட்டிருக்கும். அல்லது இங்கிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழல் வழியாக இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரியும் பல சிறிய கார்களில் இதே பாகத்துக்குள் சேர்ந்திருக்கும். சில கார்கள் அழுத்தத்துக்குப் பதிலாகக் காற்றின் நிறையை நேரடியாக அளக்கும். அந்த உணரி வடிகட்டிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும்.

அழுத்தத்தை ஏன் அளக்க வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோ பாஸ்கல். சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது ஏறக்குறைய 77 கிலோ பாஸ்கல். கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. அதே கதவுத் திறப்பில் உதகையில் உள்ளே போகும் காற்று குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்தாக வேண்டும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் கார்புரேட்டர்தான் இருந்தது. மலை ஏறியதை அது அறியாது. இன்றைய எஞ்சின் கணினி இந்த உணரியின் மூலம் அறிகிறது.

பாதை இரண்டு: குளிர்விக்கும் நீர்

ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் தடித்த குழாய்கள் இரண்டு. எஞ்சினிலிருந்து சூடான நீர் வெளியேறும் இடத்திற்கு அருகில், பெரும்பாலும் உருளைத் தலைப்பகுதியின் ஓரத்தில், இரு கம்பிகளுடன் ஒரு பித்தளைத் திருகு தெரியும். அதுதான் நான் தவறவிட்ட வெப்பநிலை உணரி.

இதன் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். பல கார்களில் இதன் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையிலும், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் அளவிலும் இருக்கும். இங்கே கூர்ந்து கவனிக்கும் மாணவர் ஒருவர் நிச்சயம் கேட்பார்: “கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும் என்றுதானே படித்தோம்?” இந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள். உலோகத்தில் கூடும். தெர்மிஸ்டர் குறைகடத்தியால் ஆனது. சூடு ஏற ஏற மின்னோட்டத்தைக் கடத்தும் மின்துகள்கள் அதிகமாக விடுபடுவதால் மின்தடை குறைகிறது.

கணினி ஓமை நேரடியாக அளப்பதில்லை. தன்னுள் இருக்கும் ஒரு நிலையான மின்தடையையும் உணரியையும் தொடரிணைப்பில் வைத்து 5 வோல்ட் கொடுத்து, உணரியின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. நிலையான மின்தடை 2 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டு மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம். உணரி 2.5 கிலோ ஓம் எனில், 5 × 2.5 ÷ 4.5 = ஏறக்குறைய 2.8 வோல்ட். உணரி 0.3 கிலோ ஓம் எனில், 5 × 0.3 ÷ 2.3 = ஏறக்குறைய 0.65 வோல்ட். தொடரிணைப்புக் கணக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

அடுத்து முக்கியமான வினா: கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மின்தடை முடிவிலி ஆகும். கணினி 5 வோல்ட் முழுவதையும் பார்க்கும். அதாவது எஞ்சின் உறைபனியைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகத் தோன்றும். மதுரை வெயிலில் அது நடக்காது அல்லவா? எனவே இந்த அளவு பொருந்தாது என்று உணர்ந்து, கணினி எச்சரிக்கை விளக்கை எரியவிடுகிறது.

பாதை மூன்று: சுழற்சி

எஞ்சினின் முதன்மைத் தண்டு, அதாவது கிராங்க் தண்டு, எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால் எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறி கொடுப்பது என்று கணினிக்குத் தெரியாது. பல கார்களில் இந்த உணரி பழுதானால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. பெரும்பாலும் தண்டின் இரு முனைகளில் ஒன்றில்தான் இது இருக்கும்: பெல்ட் பக்கப் புல்லிக்கு அருகில் அல்லது கியர்பெட்டி சேரும் இடத்தில். மேலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. கம்பியைத் தொடர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்டுடன் ஒரு பல்சக்கரம் சுழலும். பல கார்களில் அதில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பற்கள் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, உணரியின் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது; மின்காந்தத் தூண்டல் பாடம் அப்படியே இங்கே இருக்கிறது. வேறு சில கார்களில் ஹால் விளைவு பயன்படுகிறது. இடைவெளி வரும்போது கணினி தண்டின் நிலையை அறிகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுழன்றால், நொடிக்கு 800 பல் இடங்கள் உணரியைக் கடக்கும். இதை மாணவர்களே கணக்கிட்டு வியக்கட்டும்.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி முடியக் கிராங்க் தண்டு இருமுறை சுற்ற வேண்டும். ஆகவே பிஸ்டன் மேலே வந்திருப்பது அமுக்க வீச்சிலா, வெளியேற்ற வீச்சிலா என்று கிராங்க் உணரியால் மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல, பாதி வேகத்தில் சுழலும் கேம் தண்டின் உணரி வேண்டும். கேம் தண்டு எஞ்சினின் உச்சியில் இருப்பதால், அந்த உணரியும் உருளைத் தலைப்பகுதியின் முனையில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

பாதை நான்கு: அதிர்வும் எண்ணெயும்

எரிபொருள் முறைதவறி எரிந்தால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். அதைக் கேட்க வேண்டிய உணரி எஞ்சின் கட்டையின் மேலேயே இறுக்கித் திருகப்பட்டிருக்கும். அழுத்தத்தால் மின்னழுத்தம் உண்டாக்கும் படிகம் இதன் உள்ளே உள்ளது; கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி வரச் செய்வதும் அதே விளைவுதான். எண்ணெய் அழுத்தச் சுவிட்ச், எண்ணெய் செல்லும் வழியில், பெரும்பாலும் எண்ணெய் வடிகட்டியின் அருகில் இருக்கும். நான் ஏமாந்த இடம் இதுதான்.

பாதை ஐந்து: புகை

புகை வெளியேறும் குழாயின் தொடக்கத்தில் ஒரு ஆக்சிஜன் உணரி, புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிப் பெட்டிக்குப் பின் மற்றொன்று. முன்னது முதலாவது, பின்னது இரண்டாவது என்று எண்ணிடப்படும். 1976-ஆம் ஆண்டில் போஷ் நிறுவனம் இதைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. வழக்கமான வகையில் சிர்கோனியம் ஆக்சைடால் ஆன சிறு விரல் போன்ற பகுதியின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் இருக்கும். இரு பக்கமும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டால் மின்னழுத்தம் பிறக்கிறது. இது ஒரு மின்வேதிக் கலம். பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ட். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். அதனால்தான் எஞ்சினுக்கு நெருக்கமாக வைக்கிறார்கள், உள்ளே சூடேற்றியும் வைத்திருக்கிறார்கள்.

வகுப்பை நடத்தும் முறை

நாற்பது பேரை ஒரு காரைச் சுற்றி நிறுத்தினால் பத்துப் பேருக்குத்தான் தெரியும். எனவே நான்கு குழுக்கள். ஒரு குழு காரிடம். இரண்டாவது குழு தெர்மிஸ்டர் சோதனையில். மூன்றாவது குழு அட்டையில் பல்சக்கரம் செய்வதில். நான்காவது குழு ஊகத் தாள் நிரப்புவதில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஊகத் தாள் குழு எப்போதும் காருக்கு முந்திய முறையில் வருமாறு அமைக்க வேண்டும். காரை முதலில் பார்க்கும் குழுவுக்கு மட்டும் முந்தைய நாளே தாளைக் கொடுத்துவிடுங்கள்.

ஊகத் தாளில் நான்கு கட்டங்கள் போதும்: எதை அளக்கிறது? அது எங்கே இருக்கிறது? ஆகவே உணரி எங்கே இருக்கும்? நேரில் எங்கே இருந்தது? கடைசிக் கட்டம் காரிடம் வந்த பிறகே நிரப்பப்படும். ஊகம் தவறினால் அடிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.

தெர்மிஸ்டர் சோதனைக்கு மின்னணுப் பொருள் கடையில் கிடைக்கும் மலிவான தெர்மிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர், வெப்பநிலைமானி, வெந்நீர், குளிர்ந்த நீர் போதும். தெர்மிஸ்டரின் கால்கள் நீரில் படாதவாறு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு அமிழ்த்த வேண்டும். பத்து டிகிரிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரைந்தால் அது நேர்கோடாக வராது. ஏன் என்று பேசுவதே ஒரு வகுப்பு.

தொடக்க வகுப்புகளுக்குக் கார் தேவையில்லை. ஐம்புலன்கள் பாடத்தில் ‘காருக்கும் தொட்டு உணரத் தெரியும், மோந்து பார்க்கத் தெரியும், கேட்கத் தெரியும்’ என்று தொடங்கலாம். பன்னிரண்டு குழந்தைகளை வட்டமாக நிறுத்தி வரிசையாகக் கைதட்டச் சொல்லுங்கள். ஒரு குழந்தை மட்டும் தட்டாது. கண்ணை மூடிக்கொண்ட ஒரு குழந்தை, சுற்று எப்போது முடிந்தது என்று சொல்ல வேண்டும். விடுபட்ட பல்லின் தத்துவம் அவ்வளவுதான்.

மதிப்பீடு

எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பணிமனையில் ஓட்டுநர் பக்க டாஷ்போர்டின் அடியில் உள்ள பதினாறு முனை இணைப்பியில் ஒரு கருவியைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிப்பார்கள். எடுத்துக்காட்டாக, பி 0118 என்ற குறியீடு வந்தால், நீரின் வெப்பநிலை உணரிச் சுற்றில் மின்னழுத்தம் மிகுதியாக உள்ளது என்று பொருள். இதை மாணவர்களிடம் சொல்லி, “எந்தப் பாகத்தை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். பலரும் “உணரியை” என்பார்கள். குறியீடு அப்படிச் சொல்லவில்லை. கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பி கழன்றிருக்கலாம், உணரியும் பழுதாகியிருக்கலாம். எதை முதலில் பார்ப்பது, ஏன் என்று வரிசைப்படுத்தும் மாணவருக்கு முழு மதிப்பெண். இந்த வரிசை தெரியாமல் நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்து புதியது வாங்கும் செலவு, கடைசியில் ஏதோ ஒரு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

கற்பிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப இடங்கள் மாறும். உறுதியான இடத்தை அந்தக் காருக்குரிய பணிமனைக் கையேடுதான் சொல்லும். நாம் கற்பிப்பது தேடும் முறையை மட்டுமே.

அந்த மாணவனைப் பற்றி ஒரு சொல். அவனுக்கு உணரி எங்கே இருக்கிறது என்று தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவிக்கு வரையறை தெரியும், இடம் தெரியாது. அடுத்த முறை பாடம் நடத்தியபோது இருவரையும் ஒரே குழுவில் போட்டேன். தொடரிணைப்புக் கணக்கை அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கம்பியைத் தொடர்ந்து கிராங்க் உணரியைக் கண்டுபிடிக்க அவன் அவளுக்குக் காட்டினான். அந்தப் பருவத் தேர்வில் அவன் மின்னோட்டவியல் கணக்கு இரண்டையும் போட்டிருந்தான். ஒன்றில் விடை தவறு. ஆனால் படிகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பெருக்கலில்தான் பிசகியிருந்தான். அவனுடைய தாளில் எந்த இடத்தில் கோளாறு என்று எனக்கும் இப்போது தேடத் தெரிந்திருக்கிறது.